கதவைச் சாத்திக்கொண்டு சொன்னது

நெடுங்காடு
18.11.2024

அன்புத் தம்பி கலைவாணனுக்கு,

அக்கா மங்கையர்க்கரசி எழுதுகிறேன். இங்கே நானும் கீர்த்திகாவும் அவரும் அத்தையும் சுகமாக இருக்கிறோம். ஹைதராபாத் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? சளி பிடித்தால் மாத்திரையை விழுங்கிவிட்டு ஆபீஸுக்கு ஓடாதே. ஒரு நாள் படுத்து எழுந்திரு.

போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று சிரிப்பாய். போனில் பேசினால் வீட்டில் எல்லோருக்கும் கேட்கிறது. வைத்த பிறகு யார், என்ன என்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூட ஆபீஸுக்கு வரும் தபாலைப் பிரிப்பது நான்தான். நீயும் பள்ளிக்கூட விலாசத்துக்கே எழுது. வீட்டுக்கு வேண்டாம்.

மழை விட்டபாடில்லை. வாய்க்காலில் வர வேண்டிய நாளில் வராத தண்ணீர் இப்போது சம்பா வயலை விட்டுப் போவேனா என்கிறது. என் இடது கைக் கட்டைப் பிரித்தாயிற்று. பாத்ரூமில் வழுக்கி விழுந்தது நல்லபடியாகப் போயிற்று. ஈர நாளில் மட்டும் மணிக்கட்டு வலிக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். போன மாதம் ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். பெயர் ஜன்னத், காரைக்கால் டவுனாம். கையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு, பெண்கள் நலக் கணக்கெடுப்பு என்றாள். நீ செய்கிற வேலை மாதிரி இருக்கிறதே என்று உட்கார வைத்தேன். ஒரு மணி நேரம் கேள்வி. நாம் சொன்னதெல்லாம் அப்புறம் என்ன ஆகும், கலை? பெயர் இருக்குமா? யார் படிப்பார்கள்? சும்மாதான் கேட்கிறேன்.

கீர்த்திகாவுக்குப் பிப்ரவரியில் பத்தாம் வகுப்புப் பரீட்சை. கணக்கு என்றால்தான் முகம் சுருங்குகிறது. மாமாவைப் போல வராதா என்று நானும் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. தினமும் தபால் பையில் உன் கையெழுத்தைத் தேடுவேன்.

அக்கா


ஹைதராபாத்
2.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கலை வணக்கத்தோடு எழுதுவது. நான் சௌக்கியம். சளி பிடித்தது, போய்விட்டது. கையை வைத்துக்கொண்டு குடம் தூக்காதே. கீர்த்திகாவை விட்டுத் தூக்கச் சொல்.

நீ எழுதியதைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அந்தக் கணக்கெடுப்பு எங்களுடையதுதான்! வீடு வீடாகப் போவது உள்ளூர் ஏஜென்சி. பதில்கள் கடைசியில் எங்கள் பிரிவுக்கு வரும். நாலு வருடமாக நான் செய்கிற வேலையைப் பற்றி இப்போதுதான் என் அக்கா கேட்கிறாள்.

மாவட்டத்தில் இருக்கிற எல்லாப் பெண்களையும் கேட்க முடியாது இல்லையா? குலுக்கல் போட்டுச் சிலரை எடுப்போம். காரைக்காலில் எழுபது பேரைக் கேட்டிருப்பார்கள். அப்படியென்றால் ஒருத்தி சொன்னது ஏறக்குறைய எண்ணூறு பேர் சொன்னதற்குச் சமம். அந்த எண்ணுக்கு எடை என்று பெயர். எடை போடுவது உன் தம்பி. சில அந்தரங்கமான கேள்விகளைத் தனியாக இருக்கும்போதுதான் கேட்க வேண்டும். வீட்டில் யாராவது கூடவே இருந்தால் கேட்காமல் விட்டுவிட வேண்டும் என்பது விதி. அப்படி விடுபட்டுப்போன பெண்களுக்கும் சேர்த்து, பேசியவளின் எடையைக் கூட்டுவோம். பேச முடியாதவளுக்காகவும் அவள்தான் பேசியிருக்கிறாள் என்று கணக்கு.

பெயர், தெரு, கதவு எண் எல்லாவற்றையும் முதலிலேயே பிரித்து எடுத்துவிடுவார்கள். எங்களுக்கு வருவது வெறும் எண்கள், ஆளுக்கு ஒரு வரி. அந்த வரியிலும் இன்னார் என்று அடையாளம் தெரிகிற மாதிரி ஏதாவது இருந்தால் அதை மங்கலாக்கிவிட்டுத்தான் வெளியிடுவோம். அந்த வேலையும் என்னுடையதுதான். யாரையும் கண்டுபிடிக்க முயல மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீ ஜன்னத்திடம் சொன்னது ஜன்னத்தோடு போயிற்று. நிம்மதியாக இரு.

கீர்த்திகாவுக்கு இரண்டு கணக்குப் புத்தகம் அனுப்பியிருக்கிறேன். அத்தானை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி,
கலை


நெடுங்காடு
21.12.2024

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே யாருக்கும் காய்ச்சல், தலைவலி இல்லை. புத்தகம் வந்தது. கீர்த்திகா அட்டை போட்டு வைத்திருக்கிறாள். திறந்த மாதிரி தெரியவில்லை.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எண்ணூறு பேர் என்றதும் நெடுங்காட்டுக் கடைத்தெருவில் போகிற பெண்களையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றேன். மனசு லேசாக இருந்தது.

அந்த ஜன்னத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். அத்தை சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, "அக்கா, கதவைச் சாத்திக்கலாங்களா?" என்று கேட்டாள். அவளே எழுந்து போய்ச் சாத்தினாள். பாதியில் அத்தை திரும்பி வந்து கதவைத் தட்டினார்களா, நான் எழுந்து திறப்பதற்குள் அவள் முகம் மாறாமல், "வாரத்துல எத்தனை நாள் கீரை சமைப்பீங்க?" என்று ஆரம்பித்துவிட்டாள். அத்தைக்கும் சேர்த்துக் கீரைக் கேள்வி. அத்தை முருங்கைக்கீரையைப் பற்றி ஒரு பாட்டம் பேசிவிட்டு மாட்டைப் பார்க்கக் கொல்லைக்குப் போனார்கள். ஜன்னத் கொல்லைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்ததும் அதுவும் நின்றுவிட்டது.

ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அவள் காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை, பாவம் என்று முகத்தை வைத்துக்கொள்ளவும் இல்லை. போகும்போது, "நீங்க சொன்னது வெளியில போகாதுக்கா" என்றாள். நீயும் அதையே எழுதியிருக்கிறாய்.

பொங்கலுக்கு வர முடியாது என்று போனில் சொன்னாய். பரவாயில்லை. எண்ணெய் தேய்த்துக் குளி.

அக்கா


ஹைதராபாத்
30.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கலை எழுதுவது. நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? வழக்கமாகக் கேட்கிற கேள்வி என்று நினைக்காதே. உண்மையிலேயே எப்படி இருக்கிறாய்?

பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. காரைக்கால் பதில்கள் எங்கள் பிரிவுக்கு வந்துவிட்டன. வேலை அதிகம். இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டு ஐந்தாவதாக எழுதுகிறேன்.

உன் கையை எந்த டாக்டர் பார்த்தார்? எக்ஸ்ரே இருக்கிறதா? அத்தான் இப்போது குடிக்கிறாரா? கீர்த்திகா எந்த அறையில் படுக்கிறாள்? காரணம் ஒன்றும் இல்லை, கேட்க வேண்டும் போல இருந்தது.

நீயும் கீர்த்திகாவும் கொஞ்ச நாள் இங்கே வந்து இருங்களேன். பள்ளிக்கூடத்தில் லீவு சொல்ல முடியாதா? பரீட்சையை இங்கே எழுத முடியாது என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். அப்பா அம்மா போன பிறகு நமக்கு நாம்தான். என்னிடம் சொல்லக் கூடாதது என்று உனக்கு ஒன்றும் இருக்கக் கூடாது, அக்கா.

ராத்திரி சரியாகத் தூங்கு.

கலை


நெடுங்காடு
19.2.2025

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீ கேட்ட மாதிரியே பதில் சொல்கிறேன், உண்மையிலேயே நன்றாக இருக்கிறேன். கை நன்றாகப் பிடிக்கிறது, எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

அவருக்குக் கீழவாஞ்சூர் லாரி ஆபீஸில் வேலை கூடியிருக்கிறது. துறைமுகத்தில் நிலக்கரிக் கப்பல் வந்துவிட்டால் வீட்டுக்கு வர நேரமாகிறது. வந்ததும் சாப்பிட்டுப் படுத்துவிடுகிறார். கரி படிந்த சட்டையை இரண்டு தண்ணீரில் அலச வேண்டியிருக்கிறது.

கீர்த்திகாவுக்குப் பரீட்சை தொடங்கிவிட்டது. அது முடிகிற வரைக்கும் எனக்கு வேறு எந்த நினைப்பும் வேண்டாம். நீ கேட்ட எதற்கும் இப்போது பதில் எழுத மாட்டேன். மே மாதம் நானே எழுதுகிறேன். அதற்குள் நீ இந்தப் பக்கம் வர வேண்டாம், கலை. போனும் செய்யாதே. அக்கா பேச்சைக் கேட்கிற பிள்ளைதானே நீ.

உடம்பைப் பார்த்துக்கொள். வெளியே கண்டதைத் தின்னாதே.

அக்கா


ஹைதராபாத்
17.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கலை எழுதுவது. உன் வீட்டிலிருந்து திரும்பி வந்து சேர்ந்தேன். நலமா என்று கேட்கக் கை கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன். நலமா?

அன்றிலிருந்து ஒரு வாரமாக உன் போன் அணைத்தே இருக்கிறது. வராதே என்று நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். பயந்துபோய் எழுதியிருக்கிறாய் என்று எனக்குத் தோன்றிவிட்டது. காரைக்கால் எக்ஸ்பிரஸில் வரும்போது எதுவும் கேட்கக் கூடாது, உன்னைப் பார்த்துவிட்டு மட்டும் போய்விட வேண்டும் என்றுதான் இருந்தேன்.

"வாங்க மாப்ள, சொல்லாம கொள்ளாம!" என்று அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டார். நீ காபி கொண்டு வந்தாய். டம்ளர் வைத்த தட்டை வலது கையால் மட்டும் பிடித்திருந்தாய். அவ்வளவுதான், என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"அத்தான், அக்கா கைய என்ன பண்ணுனீங்க?"

"நான் என்ன பண்ணுனேன்? பாத்ரூம்ல வழுக்கி விழுந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போனதே நான்தான்."

"வழுக்கி விழுந்ததில்ல அது. ரெண்டு வருஷமா நடக்குது. எனக்குத் தெரியும்."

அவர் கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். "யாரு சொன்னா?"

நான் அப்போது உன் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். திரும்பியிருந்தால் உன் முகம் என் வாயை அடைத்திருக்கும். "சொல்ல வேண்டிய இடத்துல சொல்லியிருக்கு. எழுத்துல இருக்கு அத்தான்" என்றேன். உள்ளேயிருந்து உன் மாமியார், "அந்த டேப்லெட்டுப் பொண்ணா? கதவச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தாளே!" என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் உன்னைப் பார்த்தேன். நீ என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. உள் அறையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த கீர்த்திகாவைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மறுநாள் அவளுக்குக் கணக்குப் பரீட்சை என்பது பஸ் ஏறிய பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

நீ போ என்று சொன்னதால்தான் போனேன். ஒரு வரி எழுது, அக்கா. திட்டியாவது எழுது.

கலை


ஹைதராபாத்
11.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கலை எழுதுவது. உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நீ இந்தக் கடிதத்தைப் பிரிப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

ஜன்னத் உன் வீட்டில் விட்டுப் போன சீட்டில் இருந்த எண்ணுக்கு அத்தான் போன் செய்து புகார் சொல்லியிருக்கிறார். குடும்ப விஷயத்தைக் கேட்டுக்கொண்டு போய் வெளியில் சொல்லிவிட்டாள் என்று. அது எங்கள் அலுவலகம் வரை வந்தது. போன வாரம் கூட்டம் போட்டார்கள். "உள்ளூர்ப் பெண்தானே, எங்காவது பேசியிருப்பாள்" என்றார் மேலதிகாரி. எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் அந்த மேஜையில்தான் உட்கார்ந்திருந்தேன். நானும் தலையாட்டினேன். ஜன்னத்தை நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று இப்போது சொல்கிறேன். நான் தேடவில்லை, அக்கா. காரைக்கால் வரிகளில், யாரையாவது அடையாளம் கண்டுவிட முடியுமா என்று சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வரியில் பட்டம் படித்த பெண், பள்ளி அலுவலக வேலை. பிறந்த குழந்தைகள் இரண்டு. 2009 ஜனவரியில் ஒரு பெண். 2013 ஆகஸ்டில் ஓர் ஆண், இருந்தது பத்தொன்பது நாள். அந்தக் குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனவன் நான். எனக்கு அடையாளம் தெரியாமல் இருக்குமா? அங்கேயே திரையை மூடியிருக்கலாம். கீழே இருந்த பதில்களையும் படித்தேன். எத்தனை வருடமாக, எத்தனை முறை, எதனால், எலும்பு முறிந்ததா, யாரிடமாவது சொன்னீர்களா. கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்று இருந்தது.

உன் வரியின் எடை ஆயிரத்து நூற்று எண்பத்து நான்கு. எண்ணூறுக்கு மேல் இருப்பதெல்லாம், காரைக்காலில் தனியாக உட்கார்ந்து பேச ஓர் அறை கிடைக்காத பெண்களுக்காக ஏறியது. வேறு யாருக்கும் உன்னைத் தெரிந்துவிடக் கூடாது என்று வயதை மாற்றினேன், வேலையை அழித்தேன். பாப்பாவின் பத்தொன்பது நாளையும் அழித்தேன். உலகத்தில் யாராலும் இனி உன்னைக் கண்டுபிடிக்க முடியாது. அதையெல்லாம் செய்துவிட்டு நானே ரயில் ஏறி வந்து உன் வீட்டு வாசலில் சொல்லிவிட்டேன்.

நீ போலீஸில் புகார் கொடு, நான் துணைக்கு வருகிறேன். என்ன செய்ய வேண்டும் என்று சொல்.

கலை


நெடுங்காடு
4.5.2025

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறேன். நீயும் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இரு.

நீ பஸ் ஏறிய பிறகு நடந்ததை எழுதப் போவதில்லை. கீர்த்திகா பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பரீட்சைக்குப் போய் என்னத்தையோ எழுதிவிட்டு வந்தாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவரும் அத்தையும் டவுனுக்குப் போய் ஜன்னத் வீட்டைக் கண்டுபிடித்து, தெருவில் நின்று கத்தியிருக்கிறார்கள். அவளுக்கு அந்த மாதம்தான் மாப்பிள்ளை வீட்டார் வந்து பேசிவிட்டுப் போயிருந்தார்களாம். பள்ளிக்கூடத்தில் அந்தத் தெருப் பிள்ளை ஒருத்தி படிக்கிறாள், அவள் அம்மா சொன்னார்.

கடைசிப் பரீட்சை எழுதிய மறுநாள் கீர்த்திகாவைத் திருப்பூரில் அவர் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இனிமேல் படிப்பு அங்கேதானாம். என்னிடம் கேட்கவில்லை. போனில் அவர் பக்கத்தில் இருக்கும்போது இரண்டு நிமிடம் பேசலாம்.

மே மாதம் எழுதுகிறேன் என்று சொன்னேனே, அது என்ன என்று சொல்கிறேன். பன்னிரண்டாம் தேதி கிளம்புவதாக இருந்தேன். வெளியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலையும், தங்க இடமும் பேசி வைத்திருந்தேன். கீர்த்திகாவையும் பள்ளிக்கூடம் லீவு விட்ட கையோடு அழைத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று எண்ணம். ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் யாராவது ஒருவர் என் நல்லதுக்கு என்று ஏதாவது செய்துவிடுவார்கள்.

"போன வருஷத்துல எத்தனை தடவைக்கா?" என்று ஜன்னத் கேட்டபோதுதான் நான் முதன்முதலாக எண்ணிப் பார்த்தேன். அதற்கு முன்னால் ஒவ்வொன்றும் அன்றைக்கு நடந்து அன்றோடு போன மாதிரி இருந்தது. எண்ணிய பிறகு இருக்க முடியவில்லை. அவள் போன அன்றுதான் முடிவு செய்தேன். அவளிடம் சொல்ல முடிந்தது, அவள் எனக்கு யாரும் இல்லை என்பதால்தான். நான் உன் அக்காவாக அதைச் சொல்லவில்லை, கலை. நீதான் தம்பியாக அதைப் படித்துவிட்டாய்.

போலீஸுக்குப் போ என்கிறாய். புகார் எழுதிக் கொடுத்த அன்றைக்கு எங்கே போய்ப் படுப்பது, கீர்த்திகாவை யார் கொண்டு வந்து விடுவது என்று யோசித்தாயா? நான் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தேன்.

எனக்காக நீ இனி ஒன்றும் செய்ய வேண்டாம். ஜன்னத் சொல்லவில்லை, நான்தான் பார்த்தேன் என்று உன் ஆபீஸில் சொல். அது ஒன்றுதான் நான் கேட்பது. இந்த மாதத்தோடு என்னை வேலையை விட்டு நிற்கச் சொல்லியிருக்கிறார். ஜூன் முதல் இந்த விலாசத்துக்கு எழுதாதே.

அக்கா


ஹைதராபாத்
24.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கலை எழுதுவது. இது உன் கைக்குக் கிடைக்கும் கடைசிக் கடிதம் என்று தெரிந்தே எழுதுகிறேன். உன் உடம்பு எப்படி என்று இனி யாரிடம் கேட்பேன்?

சொல்லிவிட்டேன். எழுதியும் கொடுத்தேன். மேலதிகாரி படித்துவிட்டு, "நீ சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காதே" என்றார். அதனால்தான் சொல்கிறேன் என்றேன். வேலை போயிற்று. அது நியாயம்தான். நீ அதற்காக வருத்தப்பட வேண்டாம். ஜன்னத் மேல் தவறில்லை என்று ஏஜென்சிக்குக் கடிதம் போயிருக்கிறது. நானும் அவளுக்குத் தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

உன் வரியைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த எடையை மற்றப் பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்தாயிற்று. காரைக்காலில் 'ஆம்' என்று சொன்னவர்களின் சதவீதம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. பார்ப்பவர்களுக்கு ஊர் முன்பைவிட நன்றாக இருக்கிற மாதிரி தோன்றும்.

ஜூன் முதல் தாம்பரத்தில் என் நண்பன் இளையபெருமாளின் அறையில் இருப்பேன். விலாசத்தைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மனப்பாடம் செய்துவிட்டுத் தாளைக் கிழித்துவிடு. நான் வர மாட்டேன். நீ கூப்பிடும் வரை வர மாட்டேன்.

கலை


காரைக்கால்
18.7.2025

கலைவாணன் சார் அவர்களுக்கு,

ஜன்னத் எழுதுவது. இறைவன் அருளால் நானும் வாப்பா உம்மாவும் நலம். உங்கள் நலத்துக்கும் துஆ செய்கிறேன். உங்கள் மன்னிப்புக் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் வைத்திருந்தேன்.

என் மேல் தப்பில்லை என்று ஏஜென்சி எழுதிக் கொடுத்தது. வாப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள். கத்தியது தெருவில். தெருவுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? பேசிவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் மறுபடி வரவில்லை. அதைப் பெரிதாக நினைக்கவில்லை என்றுதான் உம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த கணக்கெடுப்புக்குத் திரும்பவும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு நாள் போனேன். பதினோரு வீடு. எல்லோரும் கதவைத் திறந்தார்கள், மோர் கொடுத்தார்கள், தனியாக உட்கார்ந்தும் பேசினார்கள். அந்தக் கேள்விகள் வந்ததும் பதினோரு பேரும் இல்லை, இல்லை, இல்லை என்றார்கள். ஒரு அக்காவுக்குக் கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. அவரும் இல்லை என்றார். நான் எழுதிக்கொண்டேன். கதவைத் திறக்காதவர்களுக்குத் திறந்தவர்களை வைத்துச் சரிக்கட்டிவிடலாம் என்று பயிற்சியில் சொன்னார்கள். திறந்து வைத்துக்கொண்டு இல்லை என்கிறவர்களுக்கு என்ன செய்வீர்கள் சார்? மூன்றாம் நாள் நான் போகவில்லை. இப்போது ஒரு மருந்துக்கடையில் இருக்கிறேன்.

மாங்கனித் திருவிழாக் கூட்டத்தில் உங்கள் அக்காவைப் பார்த்தேன். கூட மாமியார் இருந்தார்கள். என்னைத் தெரியாதவர் மாதிரி தாண்டிப் போனார். எனக்காகத்தான் அப்படிப் போனார் என்று புரிந்துகொண்டேன். இளைத்திருந்தார். நடையில் தளர்ச்சி இல்லை. இதை நீங்கள் தெரிந்துகொள்ளலாம் என்று தோன்றியதால் எழுதுகிறேன். வேறு எதுவும் சொல்ல மாட்டேன். எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

ஜன்னத்


6.10.2025

அன்புத் தம்பி கலைக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் கீர்த்திகாவும் நலம். இந்த முறை கேட்பவருக்காகச் சொல்லவில்லை. நலம்தான்.

இதற்குள் அவர் உன்னைத் தேடி வந்திருப்பார், அல்லது ஆள் அனுப்பியிருப்பார். மூன்று வாரம் முன்னால் கிளம்பினேன். இந்த முறை கீர்த்திகாவிடம் மட்டும் சொன்னேன். அவள் என்னைவிடக் கெட்டியாக வாயை மூடிக்கொண்டிருந்தாள். பிளஸ் ஒன் பாதியில் நின்றுவிட்டது, அடுத்த ஜூனில் மறுபடி சேர வேண்டும். முதலில் பேசி வைத்திருந்த பள்ளிக்கூட வேலை கைவிட்டுப் போயிற்று. வேறொன்று கிடைத்திருக்கிறது. சம்பளம் குறைவு. ஓர் அறை, அதற்குள்ளேயே சமையல். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் நன்றாக இருக்கிறது.

கீர்த்திகா ராத்திரியில் திடுக்கிட்டு எழுந்து உட்காருகிறாள். யாராவது உரக்கப் பேசினால் புத்தகத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறாள். அவள் அதையெல்லாம் பார்ப்பதற்கு முன்பே கிளம்பியிருக்க வேண்டியது. அதை நினைக்கும்போது மட்டும் உன் மேல் கோபம் வருகிறது. மற்ற நேரத்தில் இல்லை.

எந்த ஊர், எப்படி வந்தோம், யார் உதவினார்கள் என்று எழுதவில்லை. இந்தக் கடிதத்தை வேறு ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்து அங்கே தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். முத்திரையைப் பார்த்து அந்த ஊருக்குப் போகாதே. அங்கே எங்களை யாருக்கும் தெரியாது. கீர்த்திகாவுக்குப் பதினெட்டு முடிய இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது. அதுவரை எழுத மாட்டேன். அதற்குப் பிறகும் எழுதுவேனா என்று இப்போது சொல்ல முடியவில்லை. உனக்கு வேலை கிடைத்ததா என்று தெரிந்துகொள்ள ஆசைதான். அதுவும் முடியாது.

அவர் வந்து கேட்டால் தெரியாது என்று சொல். பொய் சொல்ல வேண்டிய கஷ்டம் உனக்கு இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கீர்த்திகா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மாமாவுக்கு மட்டும் சொல்லிடலாம்மா. மாமா பாவம்மா, நல்லவங்க" என்றாள்.

"நல்லவன்தான்டி. தெரிஞ்சா நாளைக்கே பஸ் ஏறி வந்து நிப்பான்" என்றேன்.

அவள் உறையை ஒட்டுவதற்குப் பசையை எடுத்துக் கொடுத்தாள்.

குளிர்காலம் வருகிறது. சளி பிடித்தால் ஒரு நாள் படு.

அக்கா